பம்பாய் மாகாணத்தில் 1918ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்

கொள்ளைநோய் ஏழை, செல்வர் என்ற வேறுபாடு பாராது என்பது பொதுவான நம்பிக்கை. தொற்றைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் நோயுற்றோருள் பிழைப்பவர் யார், மடிபவர் யார் என்பதை அவர்தம் வாழ்க்கை நிலையே பெரிதும் முடிவு செய்கிறது. 1918ஆம் ஆண்டில் பம்பாய் மாகாணத்தைத் தாக்கிய இன்ஃபுளுயன்சா இதற்குச் சான்றாகும்.

துறைமுகத்திலிருந்து சிற்றூர்வரை

முதல் உலகப் போரின் இறுதி ஆண்டு அது. படைவீரர்களையும் சரக்குகளையும் ஏற்றிய கப்பல்கள் பம்பாய்த் துறைமுகத்திற்கு வந்த வண்ணம் இருந்தன. ஜூன் 10ஆம் நாள், துறைமுகக் காவலில் இருந்த 7 காவலர்கள் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். விரைவில் நோய் நகரெங்கும் பரவிற்று. எனினும் இந்த முதல் அலை சில வாரங்களில் தணிந்தது.

செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலையே பேரழிவை விளைவித்தது. அக்டோபர் 6ஆம் நாள் மட்டும் நகரில் 768 இறப்புகள் பதிவாயின. வணிகத்தை வளர்த்த இருப்புப்பாதையே நோயையும் உள்நாட்டுச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றது. ஆண்டு முடிவதற்குள் மாகாணத்தில் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

வறுமையும் இறப்பும்

அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. விளைச்சல் குன்றி, தானிய விலை ஏறியது. உணவின்றி நலிந்த உடல்களையே நோய் எதிர்கொண்டது. மருத்துவர் பலர் போர்ப்பணிக்குச் சென்றிருந்தனர். இன்ஃபுளுயன்சா வைரஸ் 1933இல்தான் கண்டறியப்பட்டது. நிமோனியாவுக்கான எதிர்உயிர் மருந்துகளும் அன்று இல்லை. எனவே ஓய்வும் சத்துணவும் பணிவிடையுமே மருந்தாயின. ஆலைத் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த ஒற்றை அறைக் குடியிருப்புகளில் இம்மூன்றும் அரிதாகவே கிடைத்தன.

பம்பாய் நகரின் புள்ளிவிவரங்கள் இதனைத் தெளிவாக்குகின்றன. ஆயிரம் பேருக்கு இறந்தோர் எண்ணிக்கை ஐரோப்பியரிடையே 8.3, பார்சிகளிடையே 9.0. தாழ்த்தப்பட்ட இந்துக்களிடையே அது 61.6. ஒரே நகரம், ஒரே நோய். இறப்பிலோ ஏழு மடங்கு வேறுபாடு!

20 முதல் 40 வயதிற்கு உட்பட்டோர் மிகுதியாக இறந்தது மற்றொரு கொடுமை. அவருள்ளும் பெண்கள் கூடுதலாக மாண்டனர். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பொறுப்பு அவர்களையே சார்ந்திருந்தது. உழைப்போரை இழந்த குடும்பங்களில் வயல் வேலையும் குழந்தை வளர்ப்பும் ஒருசேரச் சீர்குலைந்தன.

நாட்டிற்கு நேர்ந்த இழப்பு

இந்தியா முழுவதிலும் 1.2 கோடி முதல் 2 கோடி பேர்வரை மடிந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் கணிப்பு. 20ஆம் நூற்றாண்டில் நாட்டின் மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு 1911-21 ஆகும்.

அரசின் உதவி எட்டாத இடங்களில் தொண்டு நிறுவனங்களும் சமூகச் சங்கங்களும் மருந்தும் உணவும் வழங்கின. அவற்றின் பணி போற்றற்குரியது. ஆனால் நிலையான சுகாதார அமைப்புக்கு அது ஈடாகாது. சிற்றூர்களில் அத்தகைய அமைப்பின் தேவையை 1946இல் போர் குழு வலியுறுத்தியது. 1952 முதல் ஆரம்பச் சுகாதார நிலையங்கள் தோன்றலாயின. தொற்றுநோய்களைக் கண்காணிக்கும் ஒருங்கிணைந்த திட்டம் 2004இல் தொடங்கியது.

கோவிட் பரவியபோது தடுப்பூசியும் செயற்கைச் சுவாசக் கருவியும் 1918இல் இல்லாத துணையாய் அமைந்தன. ஆயினும் நெரிசலான குடியிருப்பும் நாட்கூலி வாழ்வும் அப்போதும் பலரை அல்லலுக்கு உள்ளாக்கின. கொள்ளைநோய்த் தடுப்பு மருத்துவமனையில் தொடங்குவதன்று. காற்றோட்டமான வீடு, போதிய உணவு, அருகில் சுகாதார நிலையம் ஆகியவற்றில் தொடங்குவதாகும்.