ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டாமா?

வண்டிக்குப் புதிதாகப் பூட்டிய இளங்காளையின்மேல் முதல் நாளே முழுப் பாரத்தையும் ஏற்றுவார் எவருமிலர். வெறும் வண்டியில் பூட்டி, ஒழுங்கையிலே சிறிது தூரம் நடத்தி, நுகம் கழுத்துக்கு இசைந்த பின்னரே பாரம் ஏற்றுவர். புது யந்திரத்துக்கும் நியதி இதுவே. ஒன்றோடொன்று உராய்ந்து ஓடும் உறுப்புக்கள் தமக்குள் இசைந்து கொள்ளும்வரை அதனை அளவறிந்து ஓட்டுவதையே யந்திரத்தைப் பழக்குதல் என்கிறோம். தரையில் ஓடும் யந்திரத்தைப் பழக்குவதில் தவறினால் பணம் நட்டமாகும். வானத்தில் ஓடும் யந்திரத்தைப் பழக்குவதில் தவறினாலோ உயிரே நட்டமாகலாம்.

யந்திரத்தின் அருமையை யாழ்ப்பாணத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆறில்லாத இக்குடாநாட்டில், சுண்ணாம்புக்கல்லின் கீழ்க் கிடக்கும் நீரைத் துலா மிதித்து இறைத்த காலம் போய், நீரிறைக்கும் யந்திரம் தோட்டந்தோறும் வந்து சேர்ந்தது. 1990ஆம் ஆண்டுக்குப் பின் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தில், சில துளி பெற்றோலால் யந்திரத்தை முடுக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய சாமர்த்தியத்தை மூத்தோர் யாவரும் அறிவர். புகையின் நிறத்தையும் ஓசையின் பேதத்தையும் கொண்டே யந்திரத்தின் நோயை அறிந்தவர்கள் அன்று ஊருக்கு ஊர் இருந்தார்கள். வழியிலே நின்றுவிட்ட மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டாவது வீடு வந்து சேரலாம். வானத்திலே அது இயலுமா?

சொந்தக் கையால் விமானம்

வீட்டுக் கொட்டகையிலோ சிறு பட்டறையிலோ தம் கையாலேயே விமானம் அமைத்துப் பறப்போர் உலகின் பல பாகங்களிலும் உளர். நமது இலங்கையில் இத்துறைக்குப் புகழ் தேடித் தந்தவர் றே விஜேவர்தன. 1924இல் பிறந்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற இவர், 1950களில் உருவாக்கிய இருசில்லு உழவு யந்திரமே 'லாண்ட்மாஸ்ரர்'. வன்னி வயல்களிலும் யாழ்ப்பாணத்து வயல்களிலும் அப்பெயர் இன்றும் வழங்கி வருகின்றது. வயலுக்கு யந்திரம் தந்த அவரே சிறு விமானங்களையும் சுழல்சிறகு விமானங்களையும் தாமே வரைந்து, தாமே கட்டி, தாமே ஓட்டினார். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கிய அவர் 2010இல் காலமானார். வானத்துக் கலை நம் நாட்டாருக்கு எட்டாக்கனி அன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இத்தகைய விமானங்களை அமைப்போரிற் சிலர் விரும்பித் தெரிவது சுழல் யந்திரம். இப்பெயர் இருவேறு யந்திரங்களுக்கு வழங்குவதால் மாணவர்கள் மயங்குதல் கூடும். முதலாவது, 1909ஆம் ஆண்டளவில் பிரான்சு தேசத்துச் செகான் சகோதரர் வெளியிட்ட 'நோம்' என்னும் யந்திரம். அதிலே நடுத்தண்டு அசையாது நிற்க, சிலிண்டர்கள் யாவும் விசிறியோடு சேர்ந்து சுழலும். அதற்கு ஊற்றிய ஆமணக்கெண்ணெய் புகையோடு வெளியே சிதறி விமானியின் முகத்தில் படியும். அதனைச் சுவாசித்தும் விழுங்கியும் வந்த விமானிகளின் வயிறு பட்ட பாட்டை, பேதிக்கு ஆமணக்கெண்ணெய் குடித்த அநுபவமுள்ளவர்கள் ஊகித்துக் கொள்ளலாம்! முதலாம் உலக யுத்தத்துக்குப் பின் அவ்வகை வழக்கொழிந்தது.

இரண்டாவது, ஜேர்மனியரான பீலிக்ஸ் வாங்கெல் என்பவரின் யந்திரம். 1957இல் என்.எஸ்.யு. கம்பனியில் முதன்முதலாக ஓடிய இதுவே இன்று சுழல் யந்திரம் எனப்படுவது. இதில் மேலும் கீழும் பாயும் பிஸ்டன் இல்லை. நடுவிலே சற்று ஒடுங்கிய, நிலக்கடலைக் கோது போன்ற அறைக்குள் முக்கோண வடிவச் சுழலி ஒன்று சுற்றுகின்றது. அதன் மூன்று பக்கங்களிலும் காற்றையும் எரிபொருளையும் இழுத்தல், நெருக்குதல், எரித்தல், வெளியேற்றல் ஆகிய நான்கு தொழில்களும் மாறி மாறி நிகழ்கின்றன. சுழலி ஒருமுறை சுற்றும்போது தண்டு மும்முறை சுற்றும். அதிர்வு குறைவு, பாரம் குறைவு, உடையக்கூடிய உறுப்புக்களும் சிலவே. ஜப்பானிய மஸ்டா கம்பனியின் '13பி' யந்திரம், அறைக்கு 654 கன சென்ரிமீற்றராக இரண்டு அறைகளை உடையது. விமானம் அமைப்போர் பலர் பழைய கார்களிலிருந்து இதனைக் கழற்றிப் புதுப்பித்துக் கொள்கின்றனர். விசிறி அவ்வளவு வேகமாகச் சுழலலாகாது என்பதனால், இடையிலே வேகத்தைக் குறைக்கும் பற்சில்லுத் தொகுதியொன்றையும் பொருத்துவர்.

பேயின் நகக்கீறல்

சுழலியின் மூன்று முனைகளிலும் மெல்லிய அடைப்புப் பட்டைகள் உண்டு. அறையின் சுவரை இடைவிடாது தழுவி, வாயு கசியாமற் காப்பது அவற்றின் கடமை. யந்திரத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. தொடக்க காலத்தில் அப்பட்டைகள் அதிர்ந்து, சுவரிலே அலையலையாகக் கீறல்களை உண்டாக்கின. ஜப்பானியர் அவற்றைப் 'பேயின் நகக்கீறல்' என்றே பெயரிட்டு அஞ்சினர். கெனிச்சி யமமோட்டோ என்பாரின் தலைமையில் மஸ்டா பொறியியலாளர்கள் பல்லாண்டு முயன்று, அலுமினியம் ஊட்டிய கரியாலான பட்டைகளைக் கண்டனர். 1967இல் தங்கள் காரை விற்பனைக்கு விட்டனர். மறு ஆண்டு ஜேர்மனியில் 84 மணி நேரம் இடையறாது நடந்த ஓட்டப் பந்தயத்தில் அக்கார் நான்காம் இடம் பெற்றது.

அதே 1967இல் என்.எஸ்.யு. கம்பனியும் 'றோ 80' என்னும் அழகிய காரை வெளியிட்டது. அதன் பட்டைகளோ விரைவில் தேய்ந்தன. யந்திரங்களை மாற்றிக் கொடுத்துக் கொடுத்தே கம்பனி நலிவுற்றது. 1969இல் வொக்ஸ்வாகன் குழுவுடன் இணைந்தது. யந்திரம் ஒன்றே, பொறுத்தவர் தேறினர், விரைந்தவர் இடறினர்.

பழக்கும் முறை

பிஸ்டன் பூட்டிய விமான யந்திரத்தைப் பழக்குவதில் ஒரு விந்தையுண்டு. அதனை மிக மெதுவாக ஓட்டுவதே தீங்கு. எரிவாயுவின் அழுத்தமே பிஸ்டன் வளையங்களைச் சிலிண்டர்ச் சுவரோடு நெருக்கி இசையச் செய்வதால், பலத்தில் நூற்றுக்கு 65 முதல் 75 பங்கு வரையில் வைத்து ஓட்ட வேண்டும் என்பர். தவறினால் சுவரில் எண்ணெய் வெந்து பளபளப்பாகப் படிந்துவிடும். பின்னர் வளையங்கள் ஒருபோதும் இசையா. சுழல் யந்திரத்தின் தன்மை வேறு. அதன் சுவர் குரோமியம் பூசிய கடினமான சுவர். பட்டைகளின் விளிம்புகளே சிறுகச் சிறுகத் தேய்ந்து சுவரின் வளைவுக்கு இசைந்து வருகின்றன. ஆகவே முதலில் மிதமான வேகம், பின்னர் படிப்படியாகக் கூடிய வேகம் என்பதே பொதுவான முறை. ஒரே வேகத்திலும் நெடுநேரம் வைத்திருத்தலாகாது.

தீப்பொறி கொடாமல் யந்திரத்தைச் சுழற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறுகின்றதா என்று பார்ப்பது முதற்படி. வரண்ட பட்டைகள் சுவரில் உராயாதிருக்க, பெற்றோலிலே நூற்றுக்கு ஒரு பங்களவில் இருவீச்சு யந்திர எண்ணெயைக் கலந்து கொள்வோரும் உளர். அடுத்து, விமானத்தின் சில்லுகளுக்கு முட்டுக்கட்டை வைத்து, வாற்புறத்தை உறுதியான கட்டையிற் பிணைத்து, விசிறியின் நேரே ஒருவரும் நில்லாதபடி காவல் வைத்தே முடுக்க வேண்டும். சில நிமிடம் ஓட்டி நிறுத்துக. முழுதும் ஆற விடுக. கசிவு உண்டா, இணைப்புக்கள் தளர்ந்தனவா என்று விரலால் தடவிப் பார்த்து, மீண்டும் முடுக்குக. முதல் எண்ணெயை விரைவில் வடித்து, அதிலே உலோகத் தூள் மின்னுகின்றதா என வெயிலிற் பிடித்துப் பார்த்தலும் அவசியம்.

வெப்பத்தின்மேல் எப்போதும் கண் இருக்க வேண்டும். சுழலியின் உட்புறத்தைக் குளிரச் செய்வது எண்ணெயே. ஆதலால் நீரைக் குளிர்விக்கும் அமைப்புப் போலவே எண்ணெயைக் குளிர்விக்கும் அமைப்பும் முக்கியமானது. கட்டிநிற்கும் விமானத்துக்குப் பறக்கும்போது கிடைக்கும் காற்றோட்டம் கிடையாது. அளவு மீறிச் சூடேறினால் அறைகளின் உலோகம் திரிந்து பட்டைகள் பிடிமானம் இழக்கும். பல நாள் உழைப்பைச் சில நிமிட அசட்டை அழித்துவிடும்.

சுழலியின் மூன்று பக்கங்களும் சமமான அழுத்தம் காட்டினால் பட்டைகள் இசைந்து விட்டன எனலாம். அதன் பின்னும் உடனே பறத்தல் தகாது. முழுப் பலத்தில் ஓட்டிச் சோதித்தல், மூக்கை உயர்த்தி வைத்தும் எரிபொருள் தடையின்றி வருகின்றதா எனப் பார்த்தல், ஓடுபாதையில் உருண்டு பழகுதல் ஆகியன எஞ்சியிருக்கின்றன. அமெரிக்காவில் இத்தகைய யந்திரம் பூட்டிய புதிய விமானம், பொதுவாக 40 மணி நேரம் சனநெருக்கமற்ற பகுதியில் சோதனையாகப் பறந்த பின்னரே பிரயாணிகளை ஏற்றலாம். முதன்முறை மண்ணைவிட்டு எழும்பும்போது அமைத்தவரின் மனைவி மக்கள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள் அல்லவா? அவர்களுக்காகவே அந்த நாற்பது மணி நேரம்.

1947 டிசம்பர் 10ஆந் திகதி எயார் சிலோனின் முதல் விமானம், சென்னைக்குச் செல்லும் வழியில் நமது காங்கேசன்துறையில் இறங்கிச் சென்றது. அந்தப் பலாலி நிலையமே 2019இல் சர்வதேச விமான நிலையமாயிற்று. தலைக்குமேல் அவ்வோசை கேட்கும்போது அண்ணாந்து பார்க்கும் மாணவர்களிற் சிலர் நாளை தம் கையாலேயே விமானம் அமைக்க எண்ணலாம். எண்ணட்டும், முயலட்டும். கணக்கும் பௌதிகமும் அவர்களுக்குச் சிறகு தரும். அச்சிறகைக் காப்பது பொறுமை. ஆண்டுக்கணக்காகப் பட்டறையில் நின்று ஆக்கியவருக்கு, ஆறும்வரை பொறுத்தல் பெரிய காரியமன்று.