வண்டி வழியில் நின்றால்...

கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகும் சாலையில், மீன்கரை அணையைத் தாண்டிய ஏதோ ஓர் இடத்தில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் ஒருவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதலமடை மாந்தோப்புகளில் காய் இறங்கும் நாட்களில் என்றால் பின்னால் ஒரு கூடையும் இருக்கும். நம் சங்க உறுப்பினர்களில் பாதிப்பேராவது ஒருமுறை அப்படித் தள்ளியவர்கள்தாம். அவர்களில் பெரும்பாலோர் தள்ளியிருக்கவே வேண்டியதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எந்த பெட்ரோல் வண்டியும் ஓடுவதற்கு மூன்று தேவை. பெட்ரோல் வரவேண்டும், சரியான நேரத்தில் தீப்பொறி விழவேண்டும், சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கவேண்டும். மூன்றாவது திடீரென்று கெடுவது அபூர்வம். எனவே வழியில் நின்ற வண்டிக்கு முதல் இரண்டையும் பார்த்தால் போதும். நம்மவர்களோ இதை விட்டுவிட்டு, கால் வீங்கும்வரை உதைத்துக்கொண்டே இருப்பார்கள்.

பெட்ரோலில் தொடங்குவோம். டேங்கில் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். அடுத்தது டேங்க் மூடி. ஒருமுறை என் பழைய வண்டி ஐந்தாறு கிலோமீட்டர் ஓடுவதும் நிற்பதும், பத்து நிமிடம் கழித்துக் கிளம்புவதுமாக இருந்தது. தள்ளிக்கொண்டே போய் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினேன். அங்கிருந்த பையன் ஸ்பேனரைக் கையில் எடுக்கவேயில்லை.

"அண்ணா, மூடியைத் திறந்து பார்த்தீங்களா?"

"பெட்ரோல் நிறைய இருக்கு தம்பி, நேத்துதான் போட்டேன்."

"பெட்ரோலைக் கேக்கலை அண்ணா, மூடியைக் கேட்டேன்" என்று சொல்லித் திறந்தான். 'உஸ்' என்று காற்று உள்ளே போயிற்று. மூடியில் காற்றுப் போகும் சிறு துளையைத் தூசி அடைத்திருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க, டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, மேற்கொண்டு பெட்ரோலை இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கூலி கொடுத்ததற்கு அவன் சிரித்தான்.

ஆனால் இதே அறிகுறியை வேறொரு கோளாறும் காட்டும். இக்னிஷன் காயில் பழுதாகத் தொடங்கினால் சூடானதும் தீப்பொறி நின்றுவிடும், ஆறியதும் திரும்ப வரும். பிரித்தறிய எளிய வழி உண்டு. வண்டி நின்ற அந்த நிமிடமே மூடியைத் திறந்து மூடுங்கள். உடனே கிளம்பினால் குற்றம் மூடியில். கிளம்பாவிட்டால், ஆறுவதற்குள் தீப்பொறியைச் சோதியுங்கள். டீ குடித்துவிட்டு வந்து சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்!

நம் ஊர் மழைக்காலத்தில் மூன்றாவதாக ஒன்றும் சேரும். பெட்ரோலில் தண்ணீர். தண்ணீர் கனமானதால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தங்கி ஜெட்டை மறித்துக்கொள்ளும். கிண்ணத்தின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தி, கொஞ்சம் பெட்ரோலை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பார்த்தால் அடியில் முத்துப்போலத் தண்ணீர் நிற்பது தெரியும். 2025ல் நாடெங்கும் இருபது சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் இதில் ஒரு மாறுதல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சித் தன்னோடு வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களுக்கும் வாஷர்களுக்கும் இது ஒத்துக்கொள்வதில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் டேங்கைப் பாதி காலியாக வைத்து மாதக்கணக்கில் நிறுத்தவேண்டாம்.

இனி தீப்பொறி. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது வண்டியின் நாக்கு. உலர்ந்து பழுப்பாக இருந்தால் நலம். கரிபடிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் பில்டர் அடைப்பு. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் சூடேறுகிறது. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை என்று பொருள். பிளக்கைத் துடைத்துத் தொப்பியில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சினில் தொடவைத்து, சாவியைப் போட்டு உதையுங்கள். நீலப்பொறி 'சட்சட்' என்று விழவேண்டும். மஞ்சளாகவோ சிவப்பாகவோ நூலாக வந்தால் போதாது. பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளியே பிடிக்கவும். அதன் வழியாகப் பெட்ரோல் ஆவி பீச்சும். பெட்ரோல் கசிந்திருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டிகளில் தொப்பியை அந்தரத்தில் தொங்கவிட்டு உதைக்கக்கூடாது, யூனிட்டே போய்விடலாம்.

திருவொற்றியூரில் தயாரான பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி. ஹெட்லைட் மேலுள்ள அம்மீட்டரே பாதி வைத்தியர். சாவியைப் போட்டு எஞ்சினை மெல்ல உருட்டினால், பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயவேண்டும், திறக்கும்போது நடுவுக்கு வரவேண்டும். முள் அசையவே இல்லையென்றால் பாயிண்டில் அழுக்கு, அல்லது பேட்டரியிலிருந்தே மின்சாரம் வரவில்லை. எப்போதும் சாய்ந்தே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை. பாயிண்டை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைக்கவேண்டும். பீலர் கேஜ் இல்லாதவர் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்க்கலாம். வீடு வந்து சேர மட்டும் அது போதும். பாயிண்டுக்கிடையே பெரிதாகப் பொறி பறந்து அடிக்கடி கருகினால் கண்டென்சரை மாற்றுங்கள். விலை குறைந்த சாமான்தான். ஆனால் டைமிங் சரியில்லாத புல்லட்டை அரைமனதாக உதைக்காதீர்கள். கிக்கர் திருப்பி அடித்தால் கணுக்கால் தாங்காது.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் பிளக் எண்ணெயில் நனைவது பரம்பரை வியாதி. மைசூரில் தயாரான யெஸ்டியானாலும் 1985 முதல் 1996 வரை வந்த ஆர்எக்ஸ் 100 ஆனாலும், பையில் மாற்றுப் பிளக் இல்லாமல் கிளம்புபவர் தைரியசாலி.

மின்சாரக் கோளாறுகளில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்லவேண்டும். பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் ஜிகினாத்தாளைச் சுற்றி மாட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. பியூஸ் போனது எங்கோ ஒரு வயர் உரசுகிறது என்பதற்கான தகவல். ஜிகினாத்தாள் உருகாது, வயர் உருகும், அதற்கு நேர்மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. ஹாண்டில் திரும்பும் கழுத்துப் பக்கம் முதலில் பாருங்கள்; வயர் தேய்வது பெரும்பாலும் அங்கேதான். பல்பு அடிக்கடி பியூஸானால் பல்பைக் குற்றம் சொல்லாமல், எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் வண்டிக்கு பதினான்கு, பதினான்கரை வரை இருக்கலாம். பதினைந்தைத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது.

2020 ஏப்ரலுக்குப்பின் வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலைத் தள்ளுவது மின்பம்ப். சாவி போட்டதும் சிறிய 'ங்...' ஓசை கேட்கவேண்டும். கேட்காவிட்டால் பேட்டரியையும் பியூஸையும் பாருங்கள். எஞ்சின் விளக்கு அணையாமல் நின்றால் மீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

இதுவரை சொன்னவை வண்டியை நிறுத்தும் கோளாறுகள். வண்டி நிற்காத கோளாறு வேறு, அதுதான் ஆளைக் கொல்லும். நெம்மாறை, போத்துண்டி வழியாக நெல்லியாம்பதி ஏறியவர்கள் இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டிவருகிறார்கள். மிச்சமாவது ஒரு டம்ளர் பெட்ரோல். வண்டியின் எடையையும் இருவரின் எடையையும் பிடித்துவைக்கும் வேலை முழுதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. பிரேக் ஷூ சூடேறிக் கருகல் வாடை வரும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. டிஸ்க் பிரேக்கில் பழைய ஆயில் என்றால் அதில் சேர்ந்த ஈரம் கொதித்து, லீவர் வெறுமனே உள்ளே போகும். எஞ்சினோடு சேர்ந்து விளக்கும் அணையும் பழைய வண்டிகள் பல. அந்தி வேளையில், யானை நடமாடும் சாலையில், வளைவுக்கு அந்தப்பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாது.

எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே பிடித்துவரும், பிரேக்கை வளைவுக்கு முன் விட்டுவிட்டுப் பிடித்தால் போதும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் மட்டும் இடையிடையே கிளட்ச் பிடித்து ஆக்ஸிலேட்டரை ஒருமுறை முறுக்கவேண்டும். முறுக்காமலே நெடுந்தூரம் இறங்கினால் எஞ்சினுக்கு எண்ணெய் போதாது. கருகல் வாடை வந்துவிட்டால், சமமான இடமாகப் பார்த்து நிறுத்தி ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றவேண்டாம், டிரம் வெடிப்புக் கண்டுவிடும். மழையில் நனைந்த பிரேக்கை, சமதளத்தில் மெதுவாகப் போகும்போதே லேசாக அழுத்திப்பிடித்து உலர்த்திக்கொண்டு, அதன்பிறகே இறக்கத்தில் விடவும்.

பெட்டியில் ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், அதே ஆம்பியர் பியூஸ் இரண்டு, ஒரு கிளட்ச் கேபிள், செயின் லாக் ஒன்று, துணி, எமரித் தாள், டார்ச் இவை இருக்கட்டும். டார்ச் பேட்டரியையும் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.