ஐம்பதின்மேல் இரு சில்லுகள்

யாழ்ப்பாணத்தார் காரியாலயக் கடிதங்களிலும் பொலிஸ் முறைப்பாட்டிலும் 'துவிச்சக்கரவண்டி' என எழுதுவர். வாயாற் சொல்லும்போது 'சைக்கிள்' என்பர். தமிழகத்தார் எழுத்தில் அது 'மிதிவண்டி'. வடமொழித் 'துவி' வேண்டாமென்று 'ஈருருளி' என வழங்குவாரும் உளர். சொல்லாராய்ச்சியிற் காலங் கழிக்கும் எனக்கு மிதிவண்டி என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. துவிச்சக்கரவண்டியும் ஈருருளியும் சில்லுகளை எண்ணுகின்றன; மிதிவண்டியோ ஏறியிருப்பவன் படும் பாட்டைச் சொல்லுகின்றது. இதனை எனக்குக் கற்பித்தது அகராதியன்று. 2022 ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே, வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குச் செல்லும் வழியில், என் முழங்கால்களே கற்பித்தன.

அவ்வாண்டின் எரிபொருட் பஞ்சத்தை எவரும் மறந்திரார். யூன் மாத இறுதியில் பெற்றோல் லீற்றர் ஒன்று 470 ரூபாவாயிற்று. அவ்விலை கொடுக்கச் சித்தமாயிருந்தவருக்கும் அது கிடைத்திலது. அத்தியாவசிய சேவைகளுக்கன்றி ஏனையோர்க்கு இரு கிழமைகளுக்கு எரிபொருள் இல்லையென அரசாங்கம் அறிவித்தது. நகரப் பள்ளிகள் மூடப்பட்டு, யூலை 25 இல் மீண்டும் திறந்தன. என்னை வழக்கமாக ஏற்றிச் செல்லும் முச்சக்கரவண்டிக்காரருக்குக் கியூஆர் முறையிற் கிடைத்தது கிழமைக்கு 5 லீற்றர். அதனைக்கொண்டு அவர் தம் குடும்பத்தைக் காப்பாரா, என்னைச் சுமப்பாரா? பேருந்திலோ மிதிபலகையிற்கூட இடமில்லை. முன்னாளிற் புதியதற்குக் கொடுத்த விலையைக் கொடுத்து, பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன்.

ஓட்டத் தெரியாதவனல்லேன். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்திற் குடாநாட்டின் வாழ்க்கையே சைக்கிளின்மேல் நடந்தது. விறகும் நெல்லும் நோயாளியும் கரியரிலே சென்றனர். மின்சாரமற்ற வீடுகளில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, தைனமோ தரும் மின்னால் வானொலிச் செய்தி கேட்டோம். எனக்கு இலக்கணங் கற்பித்த ஆசிரியர் வேட்டியை மடித்துச் செருகிக்கொண்டு, கரியரில் நன்னூலையும் மாட்டுக்குத் தவிட்டையும் ஒரே கயிற்றாற் கட்டி வருவார். அதனால் அவருடைய மதிப்பு அணுவளவும் குறைந்ததில்லை.

அவருடைய மாணாக்கனாகிய நான் கொழும்பிற் செய்ததைச் சொல்லக் கூச்சமாயிருக்கின்றது. முதலிரண்டு கிழமைகளும் பள்ளிக்கு ஒரு தெரு முன்னதாகவே இறங்கிவிடுவேன். கடையொன்றின் பின்புறத்தே வண்டியைப் பூட்டி, வியர்வையைத் துடைத்து, நடந்து வந்தவன்போல வாயிலுட் புகுவேன். ஏன் நாணினேன் என்று பின்னர் எண்ணிப் பார்த்ததுண்டு. யாழ்ப்பாணத்தில் அன்று எல்லோரும் உழக்கினோம். ஆகவே ஒருவரை ஒருவர் அளக்க இடமிருக்கவில்லை. இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த நான், சைக்கிளை அந்தத் துன்பக்காலத்தோடு சேர்த்து விட்டுவந்துவிட்டேன் என்று நம்பியிருந்தேன். மீண்டும் அதன்மேல் ஏறியபோது, முப்பது ஆண்டுகளாக ஈட்டியதெல்லாம் கைநழுவிப் போயிற்றோ என்றதோர் அச்சம் எழுந்தது. நாணம் என்று நான் நினைத்தது பெரும்பாலும் இந்த அச்சமே.

அது நீங்கியது என் முயற்சியாலன்று. ஒருநாள் பத்தாந்தர மாணவன் ஒருவன் ஆசிரியர் அறைக்கு வந்து, "சேர், உங்கட சைக்கிளின்ர பின்சில்லுக்குக் காத்துப் போயிட்டுது; நான் அடிச்சு வைச்சிட்டன்" என்றான். எந்தச் சைக்கிள் என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். வகுப்பு முழுவதும் முதல் நாளே அறிந்திருந்ததாம். மறுநாள் மணியை அடித்துக்கொண்டே வாயிலுள் ஓட்டிச் சென்றேன்.

வழியோ ஏறத்தாழ 10 கிலோமீற்றர். மரைன் டிரைவில் ஒருபுறம் புகையிரதப் பாதையும் அதற்கப்பாற் கடலும் துணைவரும். ஆடியிலே சோளகம் முதுகிற் கைவைத்துத் தள்ளுவதால் காலையிற் பள்ளிக்குச் செல்வது எளிது. மாலையில் அதே காற்று மார்பிலே முட்டும். மார்கழியில் வாடை வந்ததும் கணக்கு மாறிவிடும். காலையிலேயே களைத்து, மாலையில் மிதந்து வருவேன். திணையும் பெரும்பொழுதும் கற்பிக்கும் எனக்கு இந்நகரிற் பருவமென ஒன்றுண்டு என்பது இவ்வளவு காலமும் தெரியாதிருந்தது! உப்புக்காற்றால் செயின் துருப்பிடிக்கும். கிழமைதோறும் எண்ணெய் இடவேண்டும்.

இடரும் சிறிதன்று. வீதியின் இடப்பக்க ஓரமே நமக்குரியது. பேருந்து தரிப்பதும் அங்கேதான். முந்திச் சென்ற பேருந்து சடுதியாக முன்னே வளைந்து நிற்கும். வலப்புறம் விலகினால் அடுத்த பேருந்து. வடிகாலின் இரும்புக் கம்பிகள் வீதியின் நீளவாக்கிற் கிடந்தால் அவற்றிடையே சில்லு சிக்கும். நிறுத்திய காரின் கதவு எப்போது திறக்கும் என்று கடவுளுக்கும் தெரியாது. ஒருமுறை அக்கதவொன்றில் மோதி வீழ்ந்து, இடக்கை மணிக்கட்டுப் பிசகி, மூன்று கிழமை கரும்பலகையருகே மாணவரை எழுதவிட்டு நின்றேன். அதற்குப் பின்னர் காரிலிருந்து ஒரு கை நீளம் விலகியே ஓட்டுகின்றேன். பின்னே வருபவர் எவ்வளவு ஒலியெழுப்பினும் பொருட்படுத்துவதில்லை.

எங்கள் தொடர்மாடியிற் பஞ்சத்தின்போது படிக்கட்டின் கீழே ஏழு சைக்கிள்கள் நின்றன. பெற்றோல் வரவர அவை ஒவ்வொன்றாக மறைந்தன. 2023 செப்ரெம்பரிற் கியூஆர் முறையை நீக்கியபோது என்னுடையதோடு இன்னொன்று மாத்திரமே எஞ்சியது. அது கீழ்த்தள வங்கி உத்தியோகத்தருடையது. அதன்மேல் அவர் வீட்டார் துவாய் உலர்த்துவர். என் வண்டியின் இருக்கை கிழிந்திருப்பதைக் கண்ட அவர், "மாஸ்டர், என்ரையைக் கழட்டி எடுங்கோ. துவாய் போட அது தேவையில்லை" என்றார். அவ்விருக்கையின்மேல் இருந்துகொண்டுதான் இப்போது பள்ளிக்குப் போய்வருகின்றேன்.