மேஜைக்கு ஒரு பனியன்!

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருந்தால் எந்த வம்பும் வந்திருக்காது. ‘தாத்தாவோட தேக்கு மேஜையைப் பளபளன்னு ஆக்கறேன் பார்!’ என்று மனைவியிடம் சவால் விட்டேன். அடுத்த மாதம் ஊரிலிருந்து அப்பா வருகிறார். மேஜையை எனக்கு லாரியில் ஏற்றி அனுப்பியவரே அவர்தான். அசத்த வேண்டாமா?

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கடையில் இருந்ததிலேயே விலை கூடின வார்னிஷை வாங்கிப் பூசினேன். எட்டு மணி நேரத்தில் காயும் என்று டப்பாவில் போட்டிருந்தது. எட்டு நாளாகியும் காயவில்லை! மேஜைமேல் வைத்த பேப்பரை எடுத்தால், பாதித் தலைப்புச் செய்தி மேஜையிலேயே தங்கிவிட்டது.

‘‘இனிமே பேப்பரை நிறுத்திடலாம். மேஜையிலயே படிச்சுக்குங்க’’ என்றாள் இல்லத்தரசி.

பக்கத்துத் தெரு பாலிஷ்காரப் பெரியவரைக் கூட்டி வந்தேன். மேஜையை விரலால் தொட்டார். முகர்ந்தார்.

‘‘இதுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ச்சிருக்காங்களா?’’

ஆடிப்போனேன். வெள்ளிக்கிழமை தவறாமல் பாட்டி எங்கள் தலைக்கும் மேஜைக்கும் ஒரே கிண்ணத்திலிருந்துதான் எண்ணெய் வைப்பாள்!

‘‘தேக்குல இயற்கையாவே எண்ணெய்ப் பசை உண்டு. போதாததுக்குப் பாட்டி வேற! வார்னிஷ் எப்படித் தம்பி காயும்? சட்டைக்குள்ள பனியன் போடறீங்கல்ல? மரத்துக்குப் பனியன் அரக்கு!’’

அரக்கு என்றால் துரியோதனன் மாளிகை கட்டினானே, அதே அரக்குதான். ஆபீசில் கவருக்கு சீல் வைத்ததும், அந்தக் கால கிராமபோன் தட்டு செய்ததும் இதில்தான். ஜார்கண்ட் பக்கம் புரசு, இலந்தை மரங்களில் ஒட்டி வாழும் குட்டிப் பூச்சி கக்குகிற பிசின். அதைச் சுத்தம் செய்து சில்லு சில்லாக விற்கிறார்கள்.

பெரியவர் என் வார்னிஷையெல்லாம் தின்னர் போட்டு வழித்து எடுத்தார். ஒரு லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்கு. அது கரைந்ததும் பாட்டிலை அசையாமல் வைத்துவிட்டார். நாலைந்து நாளில் கலங்கல் அடியில் இறங்கிவிட்டது.

‘‘அடியில நிக்கறது மெழுகு. அது சேர்ந்தா மேல பூசற பாலியூரித்தேன் சரியாப் பிடிக்காம உரிஞ்சு வரும். ரசத்துல தெளிவை இறுக்கற மாதிரி மேலாக எடுக்கணும்.’’ (மெழுகு நீக்கிய அரக்கும் கிடைக்கிறது. அவசரக்காரர்கள் அதை வாங்கலாம்.)

மெல்லிசாக இரண்டு கை பூசினார். கொஞ்ச நேரத்திலேயே காய்ந்தது. நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தடவி, அதற்குமேல் வார்னிஷ். எண்ணெயை அரக்கு உள்ளேயே அடக்கிவிட, வார்னிஷ் சமர்த்தாகக் காய்ந்தது. ஸ்பிரிட் தீப்பிடிக்கும், ஆகவே பக்கத்தில் சிகரெட் கூடாது. துரியோதனன் கதை தெரியுமல்லவா? கரைத்த அரக்கும் மாதக்கணக்கில் பழசானால் சரியாகக் காயாது. முதலில் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

‘அரக்கு மட்டுமே போதாதா?’ என்று கேட்டேன். ‘‘பனியனோட ஆபீஸ் போவீங்களா?’’ என்றார். சூடும் ஈரமும் பட்டால் அரக்கு வெளுத்துவிடுமாம். தாத்தாவின் காபி டம்ளர் போட்ட வெள்ளை வட்டங்கள் அப்படி வந்தவைதான்.

மூலையில் ஒரு மைக்கறை மட்டும் மரத்துக்குள் இறங்கியிருந்தது. ‘‘ஆழமா இழைச்சா போயிடும். எடுத்துடவா?’’ என்றார். ஏனோ மனசு வரவில்லை. ‘இருக்கட்டும்’ என்றேன்.

அப்பா வந்தார். பளபளப்பைப் பார்க்கவே இல்லை. நேரே அந்த மூலைக்குப் போய்க் கறையின்மேல் விரலை வைத்தார்.

‘‘ஏழு வயசுல நான் கொட்டினதுடா. உங்க தாத்தா அடிச்ச அடி இன்னும் முதுகுல இருக்கு. எங்கே இதை அழிச்சிருப்பியோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்.’’

சொல்லிவிட்டு, கையிலிருந்த காபி டம்ளரை அதன் பக்கத்திலேயே வைத்தார். எடுத்த பிறகு குனிந்து பார்த்தேன்.

வட்டம் விழவில்லை!