சூடு பட்டால் திறக்கும் மருந்து

புற்றுநோய் என்று தெரிந்ததும் திண்டுக்கல்காரர்கள் பலர் மதுரைக்குப் பஸ் ஏறுகிறார்கள். அங்கே நரம்பில் ஏற்றும் கீமோ மருந்துகளில் டாக்சோரூபிசின் பழைய ஆள், சிவப்பு நிறம். கட்டியைத் தாக்கும், முடியைக் கொட்டவைக்கும், அளவு மிஞ்சினால் இதயத்தையும் பலவீனமாக்கும். உடம்பு முழுக்கச் சுற்றி வருவதுதான் அதன் வினை.

அதனால் மருந்தைக் கொழுப்பாலான நுண்ணுறைக்குள், அதாவது லிப்போசோமுக்குள் அடைத்தார்கள். உறையின் அகலம் சுமார் 100 நானோமீட்டர், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. ‘டாக்சில்’ என்ற பெயரில் அமெரிக்கா இதற்கு 1995-இல் அனுமதி தந்தது. இதயத்துக்குப் பாதிப்பு குறைந்தது. ஆனால் உறை கட்டிக்குள் போய்ச் சேர வேண்டுமே! பத்தாண்டு விலங்கு ஆய்வுகளை 2016-இல் தொகுத்துப் பார்த்தபோது, ஏற்றிய நானோ துகள்களில் கட்டியை எட்டியவை பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இடைநிலை அளவு 0.7 சதவீதம்.

இங்கேதான் சூடு உதவிக்கு வருகிறது. கட்டியை 41, 42 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் ரத்தக்குழாய்கள் விரிந்து, துகள்கள் எளிதாகக் கசிந்து உள்ளே போகும். அந்தச் சூட்டிலேயே இளகும் கொழுப்பால் உறையைச் செய்துவிட்டால், அது திண்டுக்கல் பூட்டு மாதிரி. தன் சாவிக்கு மட்டும் திறக்கும்.

டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் நீதமும் சகாக்களும் உருவாக்கிய ‘தெர்மோடாக்ஸ்’ அப்படிப்பட்டதுதான். 40 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில நொடிகளிலேயே மருந்தைக் கொட்டிவிடும். கல்லீரல் புற்றுநோய் உள்ள 701 பேரிடம் சோதித்தார்கள். ரேடியோ அலையால் கட்டியைச் சுட, அதன் விளிம்பில் பரவும் வெப்பம் மருந்தைத் திறக்க வேண்டும். 2013 ஜனவரியில் முடிவு வந்தது: எதிர்பார்த்த பலன் இல்லை.

தரவுகளை மறுபடி அலசியபோது, 45 நிமிடமோ அதற்கு மேலோ சூடு பெற்றவர்கள் தேறியதுபோலத் தெரிந்தது. அதை நம்பி நடத்திய அடுத்த சோதனையும் 2020-இல் கைகொடுக்கவில்லை. துகளைச் செய்வதைவிட, சூட்டை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரம் பிடித்துவைப்பதே பெரிய வேலை போலும்.

சூட்டையும் துகளுக்குள்ளேயே வைத்தால்? மும்பை ஐஐடியில் திரேந்திர பகதூர் குழுவினர் லிப்போசோமுக்குள் டாக்சோரூபிசினோடு காந்தத் துகள்களையும் சேர்த்து 2010-இல் ஆய்வு வெளியிட்டார்கள். மாறுகாந்தப் புலத்தில் துகள் தானே சூடாகும், மருந்தும் வெளிவரும். சோதித்தது ஆய்வகப் புற்றுசெல்களில்தான்.

மருந்தில்லாமல், இரும்பு ஆக்சைடு துகளின் சூட்டைக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்கும் மூளைக்கட்டிச் சிகிச்சை ஜெர்மனியில் நோயாளிகள் வரை வந்தது. அதிலும் சிக்கல் இருந்தது: பல்லில் அடைத்த உலோகத்தை முதலில் எடுத்தாக வேண்டும், பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தால் உள்ளே தங்கிய இரும்பு கட்டியின் படத்தைக் கெடுத்துவிடும்.