முன்னால் தோட்டம், பின்னால் மொட்டை

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கனவானின் வெயிஸ்ட்கோட் முன்பக்கம் பட்டும் பூவும் சமிக்கியுமாகக் கண்ணைப் பறிக்கும். மேல்கோட்டை மட்டும் கழற்றச் சொல்லிவிடாதீர்கள். முதுகுப் பக்கம் வெறும் லினன் அல்லது பருத்தித் துணி, இழுத்துக் கட்ட நாடா, அவ்வளவுதான்! கோட்டுக்குள் மறைகிற இடத்துக்குப் பட்டு எதற்கு?

அதைவிடக் கூத்து, பூவேலை முடியும்வரை அது யார் உடம்புக்கு என்றே பெரும்பாலும் தெரியாது. வெட்டாத பட்டுத் துணியில் இடது முன்பக்கம், வலது முன்பக்கம், பாக்கெட் மூடி எல்லாம் தட்டையாகக் கிடக்கும். மிச்ச இடத்தில் வட்ட வட்டமாகப் பொடிப் பூக்கள். என்னவென்று நினைக்கிறீர்கள்? பித்தான்கள்! வட்டத்தைக் கத்தரித்துச் சின்ன மரவில்லை மேல் போர்த்தினால் பித்தான் தயார். வாங்குகிறவர் துணியைத் தையல்காரரிடம் கொடுத்து, தன் தொப்பைக்குத் தக்கபடி வெட்டித் தைத்துக்கொள்வார்.

இனி பட்டறைக்குள் எட்டிப் பார்ப்போம். ஓவியர் தாளில் வண்ணத்தில் வரைந்து தருவார். கோடு நெடுக ஊசியால் குத்தி, துணிமேல் வைத்து, பொடி தட்டினால் புள்ளி புள்ளியாகப் பூ இறங்கும். அப்புறம் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி வேலை தொடங்கும். நூற்றாண்டின் நடுவில் ஆசியாவிலிருந்து கொக்கி ஊசியும் போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் ஆரி போடுகிறவர்கள் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்!

இந்த ரகசியங்களை எல்லாம் 1770-இல் புத்தகமாகவே போட்டு உடைத்தவர் சார்ல்ஸ் ஜெர்மெய்ன் த செந்தொபன். அரசர் 15-ஆம் லூயிக்குப் பூவேலை டிசைன் வரைந்தவர். லேசுப்பட்ட ஆள் இல்லை: பட்டாம்பூச்சிகளை மனிதர்கள்போல் நடக்கவிட்டு வேடிக்கைப் படங்கள் போட்டவர், அரசவையையே கிண்டலடித்துக் கேலிச்சித்திர நோட்டு ஒன்றும் வைத்திருந்தவர்.

1780-களில் பூ அலுத்துவிட்டது போலும். இயற்கை வரலாற்று அறிஞர் பூஃபோனின் நூல் படங்களைப் பார்த்து, வயிற்றுக்கு நேரே குரங்குகளை உட்கார வைத்தார்கள்! சீமான்கள் அதையும் பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள். எனக்கென்னவோ ரோஜாக்களைவிட அந்தக் குரங்குகள்தான் அழகு.

வெட்டப்படாமலே தங்கிவிட்ட துணிகளும் டிசைன் தாள்களும் நியூயார்க்கின் கூப்பர் ஹெவிட் அருங்காட்சியகத்தில் நிறைய உண்டு. இணையத்திலேயே பார்க்கலாம். பித்தான் வட்டங்களைப் பெரிதாக்கிப் பார்க்க மறந்துவிடாதீர்கள்.