ரயில் கட்டணம் ஏறியாச்சு... பழவேற்காட்டுக்காரங்களுக்கு எவ்வளவு கூடுது?

2025-ல் மட்டும் ரயில் கட்டணம் இரண்டு முறை ஏறியது. ஜூலை 1-ல் ஒரு தடவை, டிசம்பர் 26-ல் இன்னொரு தடவை. அதற்கு முந்தைய உயர்வு 2020 ஜனவரியில். ‘இனி வருஷா வருஷம் ஏத்துவாங்க போல’ என்ற பேச்சு கிளம்ப இது போதாதா?

சரி, பழவேற்காடு ஏரியில் பிடித்த இறாலையும் நண்டையும் புறநகர் ரயிலில் சென்னைக்குக் கொண்டுவரும் ஒருவருக்கு இதனால் எவ்வளவு கூடியிருக்கிறது?

ஒரு பைசாகூட இல்லை.

இரண்டு முறையுமே புறநகர் ரயில், சீசன் டிக்கெட் கட்டணங்களை ரயில்வே தொடவில்லை. டிசம்பர் உயர்வில் சாதாரண வகுப்புக்கு 215 கி.மீ. வரை விலக்கு. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆந்திரப் பக்கம் உள்ள சூலூர்ப்பேட்டை எல்லாமே சென்னையிலிருந்து 100 கி.மீ.-க்குள்தான். எக்ஸ்பிரஸ் ஏறினால்தான் கி.மீ.-க்கு 2 பைசா. அதாவது, 500 கி.மீ. போனால் 10 ரூபாய் கூடுதல்.

அப்போ செலவே இல்லையா? இருக்கு. ஆனால், அது டிக்கெட்டில் தெரியாது. பழவேற்காட்டில் ரயில் நிலையம் கிடையாது. பொன்னேரிக்குச் சுமார் 20 கி.மீ. சாலையில் போக வேண்டும். புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். ஐஸ் போட்ட பெட்டியோடு ஆட்டோவில் போனால் அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும்? சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, உண்மைதான். ஆனால், அதே ஆண்டு குளச்சலில் மீன் வாடை அடிக்கிறது என்று ஒரு மூதாட்டி பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டதும் நடந்தது.

அறிவிப்பே இல்லாமல் ஏறும் கட்டணமும் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர், மெமு ரயில்களை ‘எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்’ என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. பழையபடி 10 ரூபாய்க்கு வந்தது 2024 பிப்ரவரியில்தான்.

ரயில்வேயின் வாதம் இது: ஒரு பயணியை 1 கி.மீ. கொண்டுபோக 1.38 ரூபாய் செலவு, வசூலிப்பது 73 பைசா. நாடாளுமன்றத்தில் 2025 மார்ச்சில் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்ன கணக்கு. இடைவெளி இவ்வளவு இருக்கும்போது புறநகர் விலக்கு எத்தனை நாளைக்கு?

அதில் கைவைத்துப் பார்த்ததும் உண்டு. 2014 ஜூனில் அறிவித்த 14.2 சதவீத உயர்வில், சுமார் 15 நடைக்கான காசில் கிடைத்த மாத சீசனை 30 நடைக் கணக்குக்கு மாற்றினார்கள். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! மும்பை எம்.பி.க்கள் டெல்லிக்குப் போய் முறையிட்ட பிறகே சில நாட்களில் அது வாபஸ் ஆனது. கும்மிடிப்பூண்டி மார்க்கமும் அந்தப் புண்ணியத்தில்தான் தப்பித்தது.